விரதமும் பாரணையும்

ஐப்பசியில் கந்தசஷ்டி விரதத்தை ஆறு நாட்கள் நோற்கும் அடியவர் சிலர், ஏழாம் நாட் பாரணையில் வடை, பாயசம் என வயிறு முட்ட உண்பர். அப்படியாயின் அடங்கியது நாவா, நாட்காட்டியா?

உணவை விடுதலோடு சுருக்குதலையும் விரதமாகவே கூறினார் ஆறுமுக நாவலர். திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, பசித்தபின் அளவறிந்து உண்பதையே வலியுறுத்துகின்றது. ஆகவே அளவும் தவமே.

பிரசாதத்தை மறுப்பது அபசாரமன்றோ எனச் சிலர் வினவுவர். ஒரு பிடி பெற்றாலும் அருள் குறைவதில்லை. இலையில் மிஞ்சி எறியப்படும் அன்னமே அபசாரம். அது பசித்த இன்னொருவருக்கு உரியது.

நீரிழிவு உள்ளோர்க்கு நீண்ட பட்டினியும் உடன் விருந்தும் தீங்கு தரும்; அவர்கள் வைத்தியரிடம் கேட்டே நோற்றல் நன்று. புத்தூர்ச் செம்மண்ணில் விளையும் கீரையும் மரக்கறியும் பாரணை இலையை நிறைக்கட்டும். உடம்பும் இறைவன் உறையும் ஆலயமே.