எத்தனை படி?

கம்பியில் தொங்கிப் போகக் கால் தேவையில்லை. கம்பி தொடங்கும் இடத்துக்குப் போய்ச் சேரத்தான் கால் வேண்டும். ஜிப்லைன் காணொளிகள் இதைக் காட்டுவதே இல்லை. காட்டின் மேலே ஒருவர் கைகளை விரித்தபடி பறப்பார். அடுத்த காட்சியில் அக்கரை மேடையில் சிரித்துக்கொண்டு நிற்பார். நடுவில் வெட்டப்பட்டதெல்லாம்தான் என்னைப் போன்றவர்களின் கவலை: சேறு, வேர், வழுக்கும் மரப்படி, கைப்பிடி இல்லாத ஒற்றையடிப் பாதை.

யாரும் வேண்டுமென்று இப்படி வைக்கவில்லை. ஜிப்லைனை ஓட்டுவது புவியீர்ப்புதான். புறப்படும் முனை, சேரும் முனையைவிட உயரத்தில் இருந்தாக வேண்டும். நூறு மீட்டருக்கு ஐந்தாறு மீட்டர் இறக்கம் இருந்தாலே ஆள் நல்ல வேகம் பிடித்துவிடுவார். ஒவ்வொரு கம்பியிலும் கொஞ்சம் உயரம் செலவாகிறது. செலவான உயரத்தை அடுத்த கம்பிக்கு முன்னால் நடந்துதான் ஈட்ட வேண்டும். பறக்கும் நேரம் சில நொடி, ஏறும் நேரம் பல நிமிடம்.

எனக்கு இடது காலில் இளம்பிள்ளை வாதம். நடை பழகிய கொஞ்ச நாளிலேயே வந்தது. இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸால் கடைசியாக ஒரு குழந்தைக்கு அது கண்டது 2011 ஜனவரியில். 2014-இல் போலியோ ஒழிந்த நாடு என்று சான்றும் கிடைத்துவிட்டது. நோய் போய்விட்டது, அது தொட்டவர்கள் நாங்கள் இன்னும் இருக்கிறோம், வயதாகிக்கொண்டு. தொடையிலிருந்து பாதம் வரை காலிப்பர், வலக்கையில் ஊன்றுகோல். இத்தனை வருடம் இரண்டு காலின் வேலையையும் பார்த்த வலது கால் இப்போது தளர்கிறது. பல பத்தாண்டுகள் கழித்து இப்படிப் புதிய பலவீனம் வருவதும் போலியோவின் வழக்கம்தான்.

காலிப்பர் போட்டவள் ஊரைப் பார்த்து நடக்க முடியாது, தரையைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலில் எந்தக் கல் எழும்பியிருக்கிறது, எங்கே எண்ணெய் சிந்தி வழுக்கும் என்று எனக்குத் தெரியும். கோபுரத்தை நின்று பார்த்தால்தான் உண்டு. காடு என்றால் இன்னும் மோசம். காட்டுக்குள் போய் வந்த பிறகு எனக்கு நினைவிருப்பது வேர்களும் சருகும்தான். மற்றவர்கள் ‘அதோ பார்’ என்று கைகாட்டும்போது நான் அடுத்த அடியை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அமெரிக்காவில் இருக்கும் மகளும் மாப்பிள்ளையும் கோஸ்டா ரிக்காவுக்கு அழைத்தபோது, ஜிப்லைன் போக வேண்டும் என்று நான் சொன்னது இதனால்தான். வேகத்தில் எனக்கு ஆசை இல்லை. ஒரு காட்டையாவது தரையைப் பார்க்காமல் பார்க்க வேண்டும்.

அந்த நாட்டில் இந்த ஆசைக்குப் பழைய சொந்தம் உண்டு. மழைக்காட்டில் தரைக்கு வந்து சேரும் வெளிச்சம் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். பூவும் காயும் பறவையும் குரங்கும் பெரும்பாலும் மேலே, மர உச்சிகளில். 1970-களில் டொனால்ட் பெர்ரி என்ற அமெரிக்க உயிரியலாளர் கோஸ்டா ரிக்கா காட்டு மரங்களில் கயிறு கட்டி ஏறினார். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியாததை மேலே போய் ஆராய்ந்தார். கயிற்றில் தொங்கியபடி ஆராய்ச்சி செய்யும் அந்த முறையிலிருந்துதான் பின்னாளில் சுற்றுலாக்காரர்களுக்கான ஜிப்லைன் அங்கே வளர்ந்தது. 1994-இல் பெர்ரியே இன்னொன்றையும் திறந்தார்: மர உச்சிகளினூடே கம்பியில் ஊர்ந்து போகும் பெட்டிகள். ஏறி உட்கார்ந்தால் போதும்.

“அத்தை, ரிஸ்க் வேண்டாம். அந்தப் பெட்டியிலயே போயிட்டு வந்துடலாமே” என்றார் மாப்பிள்ளை. நல்ல யோசனைதான், அவர் முகத்தில் இருந்தது அக்கறை. மகள் ஒன்றும் பேசவில்லை. நான் விழுந்த சத்தத்தைப் பக்கத்து அறையிலிருந்து பலமுறை கேட்டு வளர்ந்தவள் அவள். அவளுக்குப் பயம் இருக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஆனால் அன்பினால் வரும் ‘வேண்டாம்’ என்னை வாழ்நாள் முழுக்கச் சுற்றி நின்றிருக்கிறது. பள்ளியில் திருச்சி மலைக்கோட்டைக்கு அழைத்துப் போனார்கள். அடிவாரத்தில் மாணிக்க விநாயகர் சந்நிதிப் பக்கம் என்னை உட்காரவைத்து, “நீ பையெல்லாம் பாத்துக்கோ கண்ணு” என்றார் டீச்சர். பிரியமானவர், எனக்கென்று தனியாக முறுக்குப் பொட்டலம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். உச்சிப் பிள்ளையார் வரை நானூறு படிக்கு மேல் என்பது பின்னால்தான் தெரிந்தது. பாதி வழியிலேயே தாயுமானவர் கோயில் இருக்கிறது என்பதும் அப்படித்தான். அதுவரையிலாவது நான் போயிருப்பேன். உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியிருப்பேன். மேலே எத்தனை படி, நடுவில் எங்கே நிற்கலாம் என்று எனக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ராபர்ட் பெர்ஸ்கே என்ற அமெரிக்கர் 1972-இல் ஒரு கட்டுரை எழுதினார். அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுடன் வேலை செய்த பாதிரியார் அவர். ஆபத்தை எதிர்கொள்வதிலும் ஒரு கண்ணியம் இருக்கிறது, பாதுகாப்பு என்ற பெயரில் அதைப் பறித்தால் மனிதர் சிறுத்துப்போகிறார் என்பது அவர் வாதம். டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் அத்தகையவர்களைச் சாதாரண வாழ்க்கையின் ஆபத்துகளுக்குள் நம்பி விட்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்து எழுதியது. அதைப் படித்தபோது எனக்கு அந்த முறுக்குப் பொட்டலம்தான் ஞாபகம் வந்தது.

அதே நேரம், என் ஆபத்து என்னோடு முடிவதில்லை என்பதும் உண்மை. நடுக்கம்பியில் நான் நின்றுவிட்டால் ஒரு வழிகாட்டி கைமாற்றி கைமாற்றி இழுத்துக்கொண்டு என்னிடம் வர வேண்டும். சேற்றுப் பாதையில் நான் உட்கார்ந்துவிட்டால் நாலு பேர் முதுகு நோக என்னைத் தூக்கிப்போக வேண்டும். அவர்களுக்கும் வீடு உண்டு. ‘என் உயிர், என் இஷ்டம்’ என்ற பேச்சு எனக்கு ஒருபோதும் ஒப்பவில்லை. நான் கேட்டது வேறு: என்ன இருக்கிறது என்று முழுதாகச் சொல்லுங்கள், முடியுமா முடியாதா என்று சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

இப்படிக் கேட்டுச் சில இடங்களுக்கு எழுதினேன். ஓர் இடத்திலிருந்து ஒரே வரி: உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை. இன்னோர் இடத்திலிருந்தும் ஒரே வரி: எல்லோரும் வரலாம், கவலை வேண்டாம். இரண்டாவது பதில்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. ‘முடியாது’ என்றவர்களும் என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, ‘வாருங்கள்’ என்றவர்களும் கேட்கவில்லை.

மூன்றாவது இடம் மோன்டேவெர்டேயில். அவர்கள் பதிலே சொல்லவில்லை, கேள்வி அனுப்பினார்கள். எடை எவ்வளவு? கனமானவர் வேகமாகப் போவார், லேசானவர் அக்கரை சேராமல் நடுவில் நின்றுவிடுவார். காலில் தொடு உணர்வு உண்டா? உணர்வு இல்லாதவருக்கு ஹார்னஸ் வார் தொடையில் அழுந்திப் புண்ணானாலும் தெரியாது. எனக்கு அந்தக் கவலை இல்லை. போலியோ அசைவைத்தான் எடுத்துக்கொள்கிறது, உணர்வை விட்டுவைக்கிறது. முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா? கால்கள் அசையாமல் தொங்க எவ்வளவு நேரம் இருக்க முடியும்? இறங்கும்போது இரண்டு முழங்காலையும் தூக்க முடியுமா?

கடைசிக் கேள்விக்குப் பதில் முடியாது என்பதே. என் மருத்துவரும் அங்கேதான் விரலை வைத்தார். வேலை செய்யாத காலின் எலும்பு மெலிந்துபோகும். பாதம் மேடையில் மோதினால் தொடை எலும்பு முறியலாம், மோதாமல் இருக்க வழி உண்டா என்று கேளுங்கள் என்றார். கேட்டேன். முழங்கால்களுக்குக் கீழே பட்டையான வாரைக் கொடுத்து, ஹார்னஸின் முன் கொக்கியோடு மாட்டிக் கால்களை உயர்த்தியே வைப்போம். ஒரு வழிகாட்டி உங்கள் பின்னாலேயே அதே கம்பியில் வந்து வேகத்தைக் கட்டுப்படுத்துவார். காலிப்பரைக் கழற்றிவிட வேண்டும், இரும்பு உங்களையும் குத்தும் அவரையும் குத்தும் என்று எழுதினார்கள்.

அதோடு நான் வாழ்நாளெல்லாம் எதிர்பார்த்த மாதிரி ஒரு கணக்கும் வந்தது. முதல் மேடைக்கு 64 படி, கைப்பிடி இடப்பக்கம், பாதியில் ஒரு பெஞ்சு. முதல் கம்பி முடியும் இடத்திலேயே இரண்டாவது தொடங்குகிறது. மூன்றாவதற்கு 22 படி, கைப்பிடி இல்லை, அங்கே எங்கள் ஆட்கள் துணை வேண்டும். மூன்றாவது முடியும் இடத்துக்கு வண்டிப்பாதை உண்டு, அங்கே விலகிக்கொள்ளலாம். அதற்கு மேல் செங்குத்துப் பாதை. போய்விட்டால் நடுவில் திரும்ப வழியில்லை.

இந்தக் கடிதத்தை மகளிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தாள். “சரிம்மா. மூணு கம்பி” என்றாள்.

மோன்டேவெர்டே மலைமேல், ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழையோடு மேகமும் நனைக்கும் காடு. அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து 1951-இல் குவேக்கர் குடும்பங்கள் வந்து குடியேறிய இடம். படைக்குப் பெயர் கொடுக்க மறுத்துச் சிறை சென்ற இளைஞர்கள் அவர்களில் சிலர். 1948-இல் ராணுவத்தையே கலைத்துவிட்ட நாடு என்பதால் இங்கே வந்தார்கள். வந்தவர்கள் காட்டின் ஒரு பகுதியைத் தண்ணீருக்காக வெட்டாமல் விட்டார்கள். 1972-இல் அங்கே அமைந்த காப்புக்காட்டோடு பின்னர் அதுவும் சேர்ந்தது. வேண்டாம் என்று தாங்களே சொல்லிவிட்டு அதற்கான விலையையும் கொடுத்தவர்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

64 படியையும் நானே ஏறினேன். நேரம் ஆனது, பெஞ்சில் உட்கார்ந்தேன், யாரும் அவசரப்படுத்தவில்லை. மேலே காலிப்பரைக் கழற்றிக் கொடுத்தேன். ஒருவர் அதைப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு எனக்கு முன்னே கம்பியில் போனார். என் கால் போல் இருந்த ஒன்று என்னை விட்டு மரங்களுக்கு மேல் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என்னைக் கொக்கியில் மாட்டினார்கள்.

கம்பியின் மேல் கப்பி ஓடும் சத்தம் பெரிது. அமைதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் தலை நிமிர்ந்திருந்தது. மரங்களின் உச்சியை மேலிருந்து பார்த்தேன். கிளை முழுக்கப் பாசியும் பெரணியும் ஆர்க்கிடும் குடியேறி, கிளையே தெரியாத மரங்கள். இலைக்குவளையில் தண்ணீர் தேக்கி வைத்திருக்கும் அன்னாசி இனத்துச் செடிகள். ஒரு மேகத்துக்குள் நுழைந்து முகம் நனைந்து வெளியே வந்தேன். என் அடுத்த அடி எங்கே என்ற எண்ணம் எனக்கு வரவே இல்லை. அந்தக் கம்பியில் எல்லோரையும் தாங்குவது ஹார்னஸ்தான். எனக்கு முன்னால் போன கட்டுமஸ்தான இளைஞரையும்.

மூன்றாவது கம்பிக்கு முந்திய 22 படியில் வழிகாட்டி என்னிடம் வந்து, “தூக்கிக்கொள்ளலாமா, கை கொடுத்தால் போதுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். பக்கத்தில் மகள் நின்றாள், அவளிடம் கேட்கவில்லை. என்னைத் தூக்கிப்போகும் விஷயம் என்னைத் தவிர மற்ற எல்லோரிடமும் பேசி முடிவாவதுதான் வழக்கம். சின்ன வயதில் அப்பா உப்பு மூட்டை தூக்கியதில் கூச்சமே இருந்ததில்லை. வயது வந்த பின் ரயில் நிலையத்தில், கல்யாண மண்டபத்தில், கேட்காமல் கைகள் வந்து தூக்கியபோது உடம்பு குறுகியது. தூக்கப்படுவதில் அவமானம் இல்லை. பழனியில் விஞ்சிலும் ரோப் காரிலும் வரிசையில் நிற்பவரிடம் உனக்கு என்ன குறை என்று யாரும் கேட்பதில்லை. மலை எல்லோரையும் ஏற்றிக்கொள்கிறது. அன்று வழிகாட்டியிடம் “தூக்குங்கள்” என்றேன். வலது காலை மிச்சம் பிடித்துவைக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது கம்பி முடிந்ததும் மாப்பிள்ளைக்கு உற்சாகம் தாங்கவில்லை. “அத்தை, நீங்க நல்லாத்தான் இருக்கீங்க. மிச்சத்தையும் பாத்துடலாமே, அவங்க தூக்கிக்குவாங்க” என்றார். பயந்தவரே இப்படிச் சொன்னது எனக்குச் சந்தோஷம். ஆனாலும் என் தோள் எவ்வளவு தாங்கும் என்பது எனக்குத் தெரியும். திரும்ப வழியில்லாத பாதையில் அவர்கள் முதுகு என்ன ஆகும் என்பதும் தெரியும். வேண்டாம் என்றேன். அவர்கள் இருவரும் போனார்கள். நான் காலிப்பரை மாட்டிக்கொண்டு வண்டிக்குப் போனேன்.

மறுநாள் தொங்குபாலங்களைப் பார்ப்பதாகத் திட்டம். காலையில் மகள் அங்கே போன் செய்து பேசிக்கொண்டிருந்தாள். ‘அம்மாவால் முடியுமா’ என்று அவள் கேட்கவில்லை. எத்தனை படி, எவ்வளவு உயரம், மழை பெய்தால் வழுக்குமா என்று வரிசையாகக் கேட்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டாள். போனை மூடாமலேயே என்னைப் பார்த்தாள்.

“நாப்பது படி. கைப்பிடி ஒரு பக்கம்தான், ஏறும்போது இடப்பக்கம். என்னம்மா சொல்றே?”

“அப்போ இறங்கும்போது வலப்பக்கம் வரும். ஊன்றுகோலை இடக்கைக்கு மாத்தணும். இறங்கறப்ப மட்டும் மாப்பிள்ளையை எனக்கு ஒரு படி முன்னால போகச் சொல்லு, வர்றேன்.”