மறைத்தலும் காத்தலும்

ஒரு பொருளைப் பிறர் காணாவாறு பொதிந்து வைத்தல் அதனைக் காத்தலாகுமா என்பது ஈண்டு ஆராயப் புகுந்த வினா. எளிய வினாவெனத் தோன்றினும், ஆகம ஏடுகளையும் திருவுருவங்களையும் வழிவழியாகப் பேணிவரும் திருமடங்கட்கும் சிவாசாரியர் மரபினர்க்கும் இதனினும் நெருங்கியதோர் அறவினா இன்றில்லை.

பல்லாண்டுகட்கு முன்னர் யான் ஓரூரில் முதிய சிவாசாரியர் ஒருவரைக் கண்டு அளவளாவியதுண்டு. அவர் இல்லத்துப் பரணில் முன்னோர் தேடிவைத்த சுவடிக்கட்டுகள் செம்பட்டிற் பொதியப்பெற்றிருந்தன. ஆண்டுதோறும் கலைமகள் பூசையன்று அவை கீழிறக்கப்பெறும். சந்தனமும் மலரும் சார்த்தப்பெறும். கட்டு அவிழ்க்கப்பெறாமலே மறுநாட் பரணேறும். அவை யாவை நூல்கள் என வினவினேன். "தீக்கை இல்லாதார்க்குக் காட்டுதல் எங்கள் மரபன்று" என்றார். தாங்கள் படித்ததுண்டோ என்றேன். "என் பாட்டனார் படித்திருக்கிறார்" என்றார். அவர் சிவனடி சேர்ந்தபின் அவர்தம் மைந்தர் கட்டினை அவிழ்த்தபோது யானும் உடனிருந்தேன். பட்டு இருந்தது, சட்டங்கள் இருந்தன, கயிறும் இருந்தது. இடையில் இருந்தது செல்லரித்த புழுதியே. அழிந்தது எந்நூல் என்பதனைத்தானும் அறிய வழியில்லாதாயிற்று. அப்பெரியார் அன்பிற் குறைந்தவரல்லர். ஒழுக்கத்தில் வழுவியவரும் அல்லர். அங்ஙனமாகவும் அவர் கைக்கண் இருந்த நூல் இறந்தது. எங்கே பிழை நிகழ்ந்தது என்பதே அன்று தொட்டு என் உள்ளத்தை வருத்திவரும் வினா.

பனையோலை அழியும் இயல்பினது. வெப்பமும் ஈரமும் செல்லும் இராமபாணமும் அதற்குப் பகை. நம் முன்னோர் இதனை நன்கறிவர். ஆதலின் ஏடு நைந்த காலத்துப் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதிக்கொண்டு, பழையதனை ஆற்றுநீரிலோ வேள்வித்தீயிலோ விடுத்தனர். அவர்க்கு நூல் வேறு, ஓலை வேறு. உடல் மாறினும் உயிர் தொடர்தல்போல, ஓலை மாறினும் நூல் தொடர்ந்தது. பின்னர்ப் பெயர்த்தெழுதும் வழக்கம் அருகியது. விடுக்கும் வழக்கம் மட்டும் எஞ்சியது. கரிவலம்வந்தநல்லூர்த் திருக்கோயிலில் இருந்த பழைய ஏடுகளைத் தேடிச்சென்ற டாக்டர் உ. வே. சாமிநாதையர், அவை தீயிலிடப்பெற்றன எனக் கேட்டு நெஞ்சு புண்ணானமையைத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். சடங்கின் ஒருபாதி நின்று மறுபாதி மறைந்தால் அறமே அறக்கேடாய் முடியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இனி, பிறிதொரு வழியில் ஏடு காக்கப்பெற்றமையையும் நோக்குவோம். புதுச்சேரியில் 1955-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பேரறிஞர் ழான் ஃபிலியொசா முயற்சியால் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. அதன்கண் பணிபுரிந்த என். ஆர். பட் முதலிய பண்டிதர்கள் தமிழ்நாட்டுக் கோயில்களையும் மடங்களையும் சிவாசாரியர் இல்லங்களையும் நாடிச் சென்று ஆகமச் சுவடிகளைத் திரட்டினர். ஏட்டினைப் பிரிய மனமில்லாதாரிடம் இரவலாகப் பெற்றுத் தாளிற் பெயர்த்தெழுதிக்கொண்டு திருப்பி அளித்தனர். ஓரேட்டிற் சிதைந்த பகுதி மற்றோரேட்டில் நிறைந்திருக்கக் கண்டு பாடங்களை ஒப்புநோக்கினர். அவ்வுழைப்பின் பயனாக இரௌரவம் 1961-இலும், மிருகேந்திரத்தின் கிரியா சரியா பாதங்கள் 1962-இலும், அசிதாகமத்தின் முதற்பகுதி 1964-இலும் அச்சேறின. பெரும்பாலும் கிரந்த எழுத்தில் அமைந்த புதுச்சேரிச் சைவச் சுவடிகள் ஏறத்தாழ 11,000; ஐக்கிய நாட்டுக் கல்வி அறிவியல் பண்பாட்டு அமைப்பு 2005-இல் இவற்றை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. இவற்றுட் பல, பரணிலேயே கிடந்திருப்பின் யான் கண்ட புழுதியின் நிலையையே அடைந்திருக்கும்.

ஈண்டு ஒரு தடை எழும். ஆகமம் அதிகாரி வேறுபாடு உடையது. தீக்கையிலார் கைப்படுமாறு அதனை நூல்நிலையத்தில் வைத்தல் முறையோ எனின், கூறுதும். மந்திரமும் கிரியையும் ஆசிரியன்பால் உபதேசமுறையிற் பெறற்பாலன என்பது உண்மையே. நூலைக் கண்ட அளவில் ஒருவன் தீக்கை பெற்றவனாகான். ஆதலின் நூல் வெளிப்படுதலால் தீக்கைக்குக் குறைவு நேராது. நூல் அழிதலாலோ தீக்கை செய்யும் ஆசிரியர்க்கே குறைவு நேரும். அன்றியும், சிவதருமோத்தரம் வித்தியாதானத்தைப் பெரும்புண்ணியமாக விதித்து, நூலைப் பெயர்த்தெழுதும் முறையினையும், எழுதியதனைச் சிறப்பொடு திருக்கோயிற்கு எடுத்துச் செல்லும் முறையினையும் வகுத்துரைக்கின்றது. மறைஞானசம்பந்தர் அந்நூலைத் தமிழிற் செய்தளித்தமை யாவரும் அறிவர். தில்லைத் திருக்கோயிலிற் சரசுவதி பண்டாரம் இருந்தமையும் கல்வெட்டால் விளங்கும். ஆகவே ஏட்டைத் திரட்டி எழுதி வழங்குதல் நமக்குப் புதிதாக வந்த நெறியன்று. நாம் மறந்த நெறியே.

மற்றும், மறைத்தலும் இறைவன் ஐந்தொழிலுள் ஒன்றன்றோ எனின், ஆம். இறைவன் மெய்ப்பொருளை உடனே காட்டாது உலகின்கண் உயிரைச் செலுத்துவது, வினைப்பயன் நுகர்ந்து மலம் பரிபாகமுறுதற் பொருட்டேயாம். அம்மறைப்பு விளக்கத்தை நோக்கியது. ஆதலின் அதுவும் அருளேயாம். நாம் செய்யும் மறைப்போ "எனது" என்னும் பற்றினின்று பிறப்பது. புற இருள் பொருளை மறைப்பினும் தான் இருத்தலை அறிவிக்கும். ஆணவம் தன்னிருப்பையும் அறியவொட்டாது. பூட்டி வைத்தவர் தம் செயலை மரபென்றும் பத்தியென்றும் கருதுவாரேயன்றிப் பற்றென உணரார். இவ்விருவகை மறைப்பினையும் பகுத்தறிதற்கு அவற்றின் முடிபே அளவையாகும். விளக்கத்தில் முடிவது அருள். புழுதியில் முடிவது மலம்.

இனித் திருவுருவங்களைப் படமெடுத்தல் தகாதென்பாரும் உளர். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானில், வழிபாடு குன்றிப் பூட்டிக்கிடந்த பிரகதீசுவரர் கோயிலினின்றும் ஆடவல்லான் செப்புத் திருமேனி களவாடப்பெற்றது. அதனை 2008-இல் ஆஸ்திரேலிய நாட்டுத் தேசியக் கலைக்கூடம் ஐம்பது இலட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. விற்றோர் காட்டிய ஆவணமோ, அத்திருமேனி பல பத்தாண்டுகட்கு முன்னரே இந்நாட்டை நீங்கியதாகக் கூறிற்று. ஆனால் மேற்கூறிய புதுச்சேரி நிறுவனத்தார் 1956 முதல் திரட்டிவந்த ஓரிலக்கத்திற்கு மேற்பட்ட கோயிற் படங்களுள் ஒன்று, 1994-இல் அவ்வூர்க் கோயிலில் எடுத்தது, அத்திருமேனி அவ்வாண்டு அங்கேயே இருந்தமையைக் காட்டியது. 2014 செப்டம்பரில் பெருமான் தாயகம் மீண்டார். பூட்டு காவாததனை ஒரு படம் காத்தது. படம் திருமேனியாகாது, அதற்குப் பிரதிட்டை இல்லை, வழிபாடும் இல்லை. அது சான்று மட்டுமே. சான்று கூறுவாரைக் கோயிலினின்றும் விலக்கிவிட்டுப் பின்னர்க் களவு போயிற்றென்று முறையிடுதல் யார்க்குப் பயன்படும்?

அற்றேல், நூல்நிலையத்தில் வைத்த அளவில் நம் கடமை தீர்ந்ததோ எனின், அதுவும் இன்று. குளிரூட்டிய அறையில் எண்ணிட்டு அடுக்கிய ஏடும் படிப்பாரின்றேல் மற்றொரு பரணில் வைத்ததேயாம். ஓலையைக் காப்பார் அங்கு உளர். பொருளைக் காப்பார் யாவர்? கிரந்த எழுத்தைப் பிழையறப் படிப்பார் நாளுக்குநாள் அருகி வருகின்றனர். படிக்கும் கண் மறைந்தபின் ஏடு இருப்பினும் இல்லாததனோடு ஒக்கும். அக்கண்ணை அளித்தல் நூல்நிலையத்தார் கடமையன்று, நம் கடமை.

ஆதலின், ஏடு உடையார் யாவராயினும், திருமடமேயாயினும் சிறுகுடிலேயாயினும், இவ்வாண்டுக் கலைமகள் பூசையில் ஒன்று செய்க. மலர் சார்த்துமுன் கட்டினை அவிழ்த்து நூற்பெயரை எழுதிக்கொள்க. படிக்க இயலாதாயின் படிக்க வல்லாரை அழைத்துக் காட்டுக, படமெடுக்க விடுக. ஏடு தம்மிடமே இருக்கட்டும். நூல் எல்லாரிடமும் இருக்கட்டும். நாம் உடையவர் அல்லேம், உடையவன் வேறுளன். அவன் பொருளை அடுத்த கைக்கு வழங்கும்வரை ஏந்தி நிற்கும் அடிமைகளே நாம்.

திருச்சிற்றம்பலம்.