கண்ணழகிலிருந்து கைங்கர்யத்துக்கு

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



கொடுங்கையூரில் அடியேனுடைய க்ருஹத்தில் ஞாயிறுதோறும் மாலையில் ஐந்தாறு பாகவதர்கள் எழுந்தருளுவார்கள். குப்பைமேட்டுப் புகை வீசும் நாட்களில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு அருளிச்செயலை அநுபவிப்போம். அண்மையில் திருப்பாணாழ்வாரின் அமலனாதிபிரானை அநுஸந்தித்தோம். திருவடியில் தொடங்கி மேல்நோக்கி ஏறும் ஆழ்வாருடைய அநுபவம் எட்டாம் பாசுரத்தில் பெரிய பெருமாளின் திருக்கண்களில் வந்து நிற்கிறது. அங்கே, புதிதாக விவாஹமான ஓர் இளைஞர் கூச்சத்துடன் கேட்டார்: "ஸ்வாமி, பத்நியிடத்தில் வைக்கும் ஆசை பக்திக்குத் தடையா?"

அடியேன் உடனே பிள்ளை உறங்காவில்லிதாஸர் வ்ருத்தாந்தத்தை எடுத்தேன். அவர் உறையூரில் சோழ அரசனிடம் பணிபுரிந்த மல்லர். மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் ஆழங்கால்பட்டவர். ஸ்ரீரங்கத்து உத்ஸவக் கூட்டத்திலே, வெயிலில் அவள் கண்கள் வாடாதபடி குடை பிடித்து, அவள் முகம் பார்த்தபடியே நடந்தார். எம்பெருமானார் அதைக் கண்டார். ஊரார் நகைத்தார்கள், எம்பெருமானார் நகைக்கவில்லை. அருகே அழைத்துக் காரணம் கேட்டார். இக்கண்களிலும் அழகிய கண்களைக் காட்டினால் அவற்றுக்கு அடிமையாவீரோ என்று வினவி, இசைந்தவரை நம்பெருமாள் ஸந்நிதிக்கு அழைத்துச் சென்றார். பாணருக்குக் காட்டிய திருக்கண்களை இவருக்கும் காட்டியருள வேண்டும் என்று ப்ரார்த்தித்தார். பெருமாளும் காட்டியருளினார், வில்லி அடிமையானார்.

"ஆகையால் மேலான ருசி பிறந்தால் கீழான ருசி தானே கழலும்" என்று அடியேன் முடித்தேன். அப்போது, சுண்டலை அம்சை பண்ணிவிட்டு உள்ளேயிருந்து வந்த அடியேனுடைய பத்நி கேட்டாள்: "பொன்னாச்சியை விட்டுவிட்டா அவர் ஸ்ரீரங்கத்தில் கைங்கர்யம் பண்ணினார்?"

அடியேனுக்குப் பதில் வரவில்லை. வங்கியில் இருந்த காலமெல்லாம் 'ஓய்வு பெற்றபின் உன்னோடு இருப்பேன்' என்று சொல்லி வந்தவன் அடியேன். ஓய்வு பெற்றபின் ஸேவாகாலம், உபந்யாஸம், திவ்யதேச யாத்திரை என்று புறப்பட்டேன். மூட்டுவலியோடு அவள் அகத்தில் தனித்திருந்தாள். அதை வைராக்யம் என்று அடியேன் எண்ணியிருந்தேன்.

அன்றிரவு குருபரம்பரை வ்ருத்தாந்தத்தை மறுபடி வாசித்தேன். அவள் கேட்டதே சரி. வில்லியாரும் பொன்னாச்சியாரும் இருவருமாகவே எம்பெருமானார் திருவடிகளை ஆச்ரயித்தார்கள். இருவருமாகவே திருவரங்கத்தில் வாழ்ந்தார்கள். மடத்தில் சிலர் அவர்கள் பெருமையை உணராதபோது, உறங்கும் பொன்னாச்சியாரின் ஆபரணங்களைக் கழற்றி வரும்படி எம்பெருமானாரே சீடர்களை அனுப்பினார். ஒருபக்கத்து நகைகள் கழற்றப்பட்டதும், மறுபக்கத்தையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று அந்த அம்மையார் புரண்டு படுத்தார். வந்தவர்கள் அஞ்சி ஓடினார்கள். அதைக் கேட்ட வில்லியார், 'என்னுடையவை, நான் கொடுக்கிறேன்' என்ற எண்ணம் இன்னும் இருந்ததல்லவா, அசையாதிருந்தால் அவர்களே எடுத்துப் போயிருப்பார்களே என்று வருந்தினார்.

இங்கேதான் அன்பின் மர்மம் இருக்கிறது. முன்பு அவர் பிடித்த குடையில் பரிவும் இருந்தது, பயமும் இருந்தது. கண்ட அழகு வெயிலில் வாடிவிடுமோ, கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம் அது. வாடாத கண்களை ஸேவித்தபின் பயம் போயிற்று, பரிவு நின்றது. கழன்றது மனைவியல்ல, 'என்னுடையவள்' என்ற மமகாரமே. வங்கிக் கணக்கில் 'பற்று' என்றால் கையிருப்பைக் குறைக்கும் பதிவு. மமகாரப் பற்றும் அப்படியே குறைக்கிறது. ஆனால் நல்ல காசாளரைப் பாருங்கள்: எண்ணும் பணம் தமதல்ல என்று அறிந்தவர், அதனாலேயே ஒரு ரூபாயையும் அலக்ஷ்யம் செய்யமாட்டார். பிறர் உடைமை என்றறிந்தால் கவனம் கூடுமே தவிரக் குறையாது.

'ஆழ்வார் பத்தாம் பாசுரத்தில், அரங்கனைக் கண்ட கண்கள் வேறொன்றைக் காணா என்றாரே' என்று கேட்கலாம். ஸகல சேதநாசேதநங்களும் அவனுக்குச் சரீரம் என்பதன்றோ நம் ஸித்தாந்தம்! அவனுக்குச் சேஷமாகக் காணப்படுவது 'வேறொன்று' ஆகாது. அவனை மறந்து, நம் போகத்துக்கென்று காணப்படுவதே வேறொன்று என்று அடியேனுக்குத் தோன்றுகிறது.

காதல் இழிவானதாயின், நம்மாழ்வார் பராங்குச நாயகியாக ஏங்குவானேன்? ஆசார்ய ஹ்ருதயம் அந்தப் பெண் பேச்சைப் பகுத்து, ஸம்பந்தத்தை உணர்வது தோழி நிலை, உபாயத்தில் துணிவது தாய் நிலை, பலனுக்குப் பதறுவது மகள் நிலை என்று காட்டுகிறது. உலகக் காதலிலும் உணர்வும் துணிவும் பதற்றமும் உண்டு. அவற்றைப் பழக்காதவன் எம்பெருமானிடம் எதைக் கொண்டு செல்வான்?

அடுத்த ஞாயிறன்று அந்த இளைஞரிடம், முன்பு சொன்னதில் பாதியே சரி என்று விண்ணப்பித்தேன். அடியேனுடைய பத்நி முன்வரிசையில் நாற்காலியில் அமர்ந்து கேட்டாள். மறுநாள் இருவருமாகத் திருவல்லிக்கேணிக்குச் சென்று வேங்கடக்ருஷ்ணனை ஸேவித்தோம். திரும்பும்போது நல்ல வெயில். குடை அடியேன் கையில் இருந்தது.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.

அடியேன் ராமாநுஜதாஸன்