எது அந்தப் படம்?

கட்டுரைக்கான படங்களையும் வேர்டு ஃபைலுக்குள்ளேயே ஒட்டி அனுப்பிவிடுபவர்கள் அதிகம். பக்கம் வடிவமைப்பவருக்குத் தலைவலி அங்கே தொடங்குகிறது. திரையில் தெரிவதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் அச்சில் மங்கிப்போகும். விவரம் தெரிந்தவர் ஃபைலுக்கு ஒரு பிரதி எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள ‘டாக்எக்ஸ்’ஸை ‘ஜிப்’ என்று மாற்றித் திறப்பார். உள்ளே ‘வேர்டு’ ஃபோல்டர், அதற்குள் ‘மீடியா’. படங்கள் அங்கே ‘இமேஜ்1’, ‘இமேஜ்2’ என்று வரிசையாக இருக்கும். வேர்டு 2007 கொண்டுவந்த இந்த வடிவம் உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம்தான்.

அப்படி வெளியே வந்த படம் உள்ளே இருந்ததன் நகலா, அதுவேதானா?

அமெரிக்கத் தத்துவவாதி நெல்சன் குட்மன் 1968இல் வெளியிட்ட ‘லாங்குவேஜஸ் ஆஃப் ஆர்ட்’ நூலில் கலைகளை இரண்டாகப் பிரித்தார். ரெம்பிராண்ட்டின் ஓவியத்தை எவ்வளவு நுணுக்கமாகத் திரும்ப வரைந்தாலும் அது ரெம்பிராண்ட் ஆகாது. கவிதை அப்படியல்ல. எழுத்துப் பிசகாமல் படியெடுத்தால் ஒவ்வொரு படியும் அந்தக் கவிதையேதான். படம் முதல் வகை என்றுதான் காலங்காலமாக நினைத்துவந்தோம். ஜிப்பைத் திறந்து எடுத்த படமோ இரண்டாம் வகையில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பைட் பிசகாமல் வந்திருந்தால் அதை நகல் என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை. படியெடுப்பதால் தரம் குறைவதில்லை. ஜேபெக் படத்தைத் திறந்து மறுபடி ஜேபெக்காகச் சேமிக்கும்போதுதான் குறைகிறது.

ஆனால் உள்ளே இருப்பதே கேமரா எடுத்த படம் என்று நம்பிவிடக் கூடாது. வேர்டின் பல பதிப்புகள், நாம் வேண்டாம் என்று சொல்லாதவரை, ஃபைலைச் சேமிக்கும்போது படங்களை அங்குலத்துக்கு 220 பிக்சலாகச் சுருக்கிவிடும். 4000 பிக்சல் அகலப் படத்தை 6 அங்குலத்தில் வைத்தால் மிஞ்சுவது 1320. போனது போனதுதான், எந்த வழியில் எடுத்தாலும் திரும்பாது. ‘படங்களைச் சுருக்காதே’ என்ற அமைப்பை முன்கூட்டியே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான சிக்கல் இன்னும் ஆழமானது. வேர்டில் ஒரு குழுப்படத்தின் ஓரத்தில் நிற்பவரை ‘க்ராப்’ செய்து நீக்கினால், அவர் பக்கத்திலிருந்து மறைவார். வெட்டிய பகுதியை அழிக்கும்படி தனியாகச் சொல்லாவிட்டால், ஃபைலுக்குள் முழுசாக இருப்பார். ‘மீடியா’ ஃபோல்டரைத் திறந்தால் அந்த முகமும் சேர்ந்தே வரும். பைட் கணக்குப்படி இதுதான் முழுப்படம். கட்டுரையாளர் வாசகர் முன் வைத்ததோ வெட்டிய படம். கவிஞர் அடித்துவிட்ட வரியைக் கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுத்து அச்சிடுவது போன்ற காரியம் இது. குட்மனின் அளவுகோல் இரண்டு படங்கள் ஒன்றுதானா என்று சொல்லும். எதை வெளியிடலாம் என்று சொல்லாது. அதைத் தீர்மானிக்கும் உரிமை படத்தைத் தந்தவருடையது. வடிவமைப்பவர் முழுப்படத்தையே எடுத்துக்கொள்ளட்டும். அச்சுக்குப் போகுமுன் எழுதியவர் வெட்டிய அதே ஓரத்தில் வெட்டட்டும். சந்தேகம் வந்தால் அவருக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுவிடட்டும்.