திருநீலகண்டத்தின்மேல் ஆணை

ஆசிரிய அன்பர்களே,

சிலநாட்களின் முன் டிக்கோயாத் தோட்டமொன்றிலிருந்து மாணவி ஒருத்தியின் தந்தை எம்மிடம் வந்தார். குடியினால் மனையறத்தைக் குலைத்தவர். மனைவி மகளுடன் தன் தாய்வீட்டு லயத்திற்குப் போய்விட்டனள். "ஐயா, குடியை விட்டு ஆறு மாசமாச்சு. கோயிலிலே சத்தியமும் பண்ணிவிட்டேன். இன்னும் அவள் நம்பவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடுவாள்" என்றார். அவ்வார்த்தையைச் சொல்ல யாம் விரைந்திலேம். திருநீலகண்ட நாயனார் சரித்திரத்தையே அவருக்கு எடுத்துரைத்தோம்.

நாயனார் தில்லையிலே வாழ்ந்த குயவர். அடியார்க்குத் திருவோடு அளிக்குந் தொண்டினர். இளமையிலே பரத்தை ஒருத்தியிடஞ் சென்று மீண்டார். மனைவியார் மனைக்கடன் யாவுஞ் செய்தும், உடனுறைவுக்கு இசைந்திலர். நாயனார் இரந்து நெருங்கியபொழுது, தீண்டலாகாதெனத் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டனர். அவ்வாணை பன்மைச் சொல்லாற் பிறந்தமையால், மாதர் எவரையும் மனத்தாலுந் தீண்டேன் என நாயனார் உறுதிபூண்டனர்.

இங்கே சற்று நின்று சிந்திப்போமாக. சாராயத்தைத் தானே விட்டேன், கள்ளுக்கு ஆணையில்லையே என்று சொல்லிலே வழிதேடுவது உலகியல்பு. நாயனாரோ தம்மைக் கட்டிய சொல்லைத் தாமே இன்னும் விரித்துக்கொண்டார். மனைவியாரை நொந்திலர், நாட்களை எண்ணிலர். ஒரே இல்லத்தில், அயலார் அறியாவண்ணம், இருவரும் முதுமையெய்துமளவும் அவ்வாணை காக்கப்பட்டது.

பின்னர்ச் சிவபெருமான் சிவயோகியாராய் எழுந்தருளி, ஓடொன்றைக் காக்கக் கொடுத்து, அதனைத் தாமே மறைப்பித்து, நாயனார்மேற் களவுப்பழி சுமத்தினார். மனைவியின் கைபற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியஞ்செய்க என்றார். மூங்கிற்கோலின் இருதலையை இருவரும் பற்றியது போதாதாயிற்று. அப்பொழுது நாயனார் தம் பழைய பிழையை யாவருங்கேட்ப உரைத்தார். செய்யாத களவினின்றும் நீங்குதற்குச் செய்த குற்றத்தை வெளியிட வேண்டியதாயிற்று! உரைத்து மூழ்கினார், இருவரும் இளமை பெற்றெழுந்தனர். அங்குள்ள திருப்புலீச்சரம் இளமையாக்கினார் கோயில் என இன்றும் வழங்குகின்றது.

இளமையில் யாம் மிஷன் பள்ளியிலே, கெட்டுத் திரும்பிய மகனைத் தந்தை ஓடித் தழுவிய கதையைப் படித்தோம். அஃது இன்றும் உள்ளத்தை உருக்குவது. ஆயினும் தழுவுவது தழுவுவோரின் கொடை. திரும்பினோர் கேட்டுப்பெறுங் கூலியன்று. பழையதை விடுதல் ஒருநாட் சத்தியத்தால் முடிவதுமன்று. தான் இழைத்த தீங்கைப் பிறர்மேலேற்றாது ஒப்புதலும், நம்பிக்கை திரும்புமளவும் பொறுத்தலும் அதன் கூறுகளாம். சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத்தொகையிலே, தில்லைவாழந்தணராகிய கூட்டத்தாரை அடுத்து, தனியடியாருள் முதல்வராக வைத்தது வழுவி மீண்ட இவரையன்றோ?

அன்பர்களே, இத்தகைய மனைகளிலிருந்து வரும் பிள்ளைகள் எம் வகுப்புக்களிலே இருக்கின்றனர். தந்தையின் பிழையைச் சொல்லிப் பிள்ளையை இடித்துரையாதிருப்போம். புண்பட்ட தாயை, "பொறுத்துப் போ" என்று நெருக்காதிருப்போம். திருந்த முயல்வோனை நகையாதிருப்போம். தை விசாகத்திலே நாயனார் குருபூசை வருகின்றது. நாவலர் பெருமான் 1852 இல் வசனமாக வெளியிட்ட பெரியபுராணத்திலிருந்து இச்சரித்திரத்தை, உயர்வகுப்பு மாணவர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் அன்று படித்துப் பொருள் சொல்வோமாக.

அத்தந்தை கேட்டு நெடுநேரம் வாளாவிருந்தார். "அப்படியானால் நான் காத்திருக்கிறேன், ஐயா" என்று எழுந்துபோயினர். அவ்வம்மை இன்னுந் திரும்பிலர். அவரும் இன்னுங் குடித்திலர்.

திருச்சிற்றம்பலம்.