கடன் தீர்த்த எண்ணெய்

தியானப் பகுதி: 2 இராஜாக்கள் 4:1-7



இன்று நாம் வாசித்துக் கேட்டது ஏழே வசனங்கள். இதற்கு முந்தைய அதிகாரத்தில் இஸ்ரவேலின் ராஜா யோராம், யூதாவின் ராஜா யோசபாத், ஏதோமின் ராஜா ஆகிய மூவரும் மோவாபின்மேல் படையெடுத்துப் போகிறார்கள். ஏழு நாள் வழிநடந்த பின்பு சேனைக்கும் மிருகஜீவன்களுக்கும் தண்ணீர் இல்லாமல் தவிக்கிறார்கள். தீர்க்கதரிசி எலிசாவின் வார்த்தையின்படி கர்த்தர் அந்தப் பள்ளத்தாக்கைத் தண்ணீரால் நிரப்புகிறார். அடுத்த அதிகாரத்துக்கு வந்தால், அதே எலிசாவின் முன்னால் ஓர் ஏழை விதவை கூப்பிட்டு அழுதுகொண்டு நிற்கிறாள். மூன்று ராஜாக்களின் யுத்தத்தைக் கவனித்த தேவனுக்கு ஒரு குடும்பத்தின் கடனைக் கவனிக்கவும் நேரம் இருந்தது. அவளுடைய பெயர் வேதத்தில் எழுதப்படவில்லை. அவளுடைய பாரம் எழுதப்பட்டிருக்கிறது.

இந்தப் பகுதியை எண்ணெய் பெருகிய அற்புதமாகவே நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். பாத்திரங்கள் நிரம்பினதும் அல்லேலூயா சொல்லி வேதத்தை மூடிவிடுகிறோம். வேதமோ இன்னும் ஒரு வசனம் நடந்து போகிறது. எண்ணெயை விற்றுக் கடனை அடைக்கும்படி தீர்க்கதரிசி சொல்லுகிறார்; அதற்குப் பிறகே சம்பவம் நிறைவடைகிறது. நம்முடைய விசுவாசமும் அந்த ஏழாம் வசனம் வரைக்கும் போகவேண்டும் என்பதே இன்று கர்த்தர் என் இருதயத்தில் வைத்திருக்கிற செய்தி.

முதலாவது, அந்த வீட்டைப் பாருங்கள். அவளுடைய கணவன் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவன். கர்த்தருக்குப் பயந்து நடந்தவன் என்று எலிசாவுக்கே தெரியும். அவன் மரித்துப்போனான், கடன் மரிக்கவில்லை. கடன்கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வாசலுக்கு வந்துவிட்டான். இப்படி நடக்கக்கூடாது என்பதற்காகவே மோசேயின் நியாயப்பிரமாணம் எத்தனையோ வேலிகளைப் போட்டிருந்தது. ஏழைக்குக் கொடுத்த பணத்துக்கு வட்டி வாங்கக்கூடாது. மாவு அரைக்கிற கல்லை அடகாக வாங்கக்கூடாது. ஏழையின் போர்வையை அடகு வாங்கினால் பொழுதுபோகிறபோது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வறுமையினால் தன்னையே விற்றுப்போட்ட சகோதரனை அடிமையைப்போல நடத்தக்கூடாது. சட்டம் இருந்தது, கைக்கொள்ள ஆள் இல்லை. ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு, நெகேமியாவின் நாட்களில், எருசலேமிலும் இதே அழுகுரல் கேட்டது. நம்முடைய தேசத்திலும் கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-ல் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடுக்க 2003-ல் சட்டம் வந்தது. அதற்குப் பின்பும் முன்பணம் வாங்கிய ஒரே காரணத்துக்காகக் குடும்பம் குடும்பமாகச் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் அடைபட்டுக் கிடந்தவர்களை மீட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது.

ஆகையால், கடன்பட்டிருக்கிற விசுவாசியைப் பார்த்து உனக்கு விசுவாசம் போதாது என்று ஒருவரும் சொல்லாதிருங்கள். ஆஸ்பத்திரிச் செலவு, பொய்த்துப்போன மழை, பிள்ளையின் காலேஜ் பீஸ் என்று எந்த வழியாகவும் கடன் வீட்டுக்குள் வந்துவிடும். கர்த்தருக்குப் பயந்தவனுடைய வீட்டுக்கும் அது வந்தது.

இரண்டாவது, அவள் அதை மறைக்கவில்லை. கடன்கொடுத்தவன் எதற்கு வந்திருக்கிறான், எதை எடுத்துப்போகப் பார்க்கிறான் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். நாமோ ஜெபக்குறிப்புச் சீட்டில் குடும்ப சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று எழுதிக் கொடுக்கிறோம். அந்தச் சமாதானத்தைக் கெடுத்த நகைக்கடன் ரசீது பீரோவில் சேலை மடிப்புக்குள் ஒளிந்திருக்கிறது. மனைவிக்குத் தெரியாமல் கணவன் சீட்டு எடுக்கிறான். கணவனுக்குத் தெரியாமல் மனைவி தண்டலுக்கு வாங்குகிறாள். இரண்டு பேரும் சேர்ந்து முழங்கால் போட்டும் அந்த ஒரு காரியத்தை மட்டும் தேவசமுகத்தில் வைப்பதில்லை. ஆவிக்குரிய வளர்ச்சி என்பது அதிகமான வசனங்களை மனப்பாடம் செய்வதோடு நிற்பதில்லை. கர்த்தருக்கு முன்பாகப் பூட்டி வைத்திருந்த அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொடுப்பதும் வளர்ச்சிதான்.

மூன்றாவது, வீட்டில் என்ன இருக்கிறது என்று எலிசா கேட்டார். ஒன்றுமில்லை என்றுதான் அவளும் ஆரம்பித்தாள். எண்ணெயை விட்டால் வேறொன்றுமில்லை என்றாள். அந்த நாட்களில் ஒலிவ எண்ணெய் இல்லாத காரியமே கிடையாது. விளக்கு எரிந்தது அதனால், அப்பம் சுட்டது அதனால், காயத்துக்கு வார்த்ததும் ராஜாவை அபிஷேகம் பண்ணினதும் அதனால்தான். தேவாலயத்துக்கு மரம் அனுப்பிய தீருவின் ராஜா ஈராமுக்குச் சாலொமோன் கொடுத்தவற்றில் எண்ணெயும் ஒன்று. அத்தனை மதிப்புள்ளதை வைத்துக்கொண்டே, கவலை மிகுதியால், அவள் அதை ஒன்றுமில்லாததோடு சேர்த்து எண்ணிவிட்டாள். நம்முடைய சபைகளில் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாகப் போட்டு, அந்தப் பிடியரிசியால் ஊழியத்தைத் தாங்கினார்கள். அவர்களும் ஏழைகள்தான். இருந்ததைப் பார்க்கிற கண் அவர்களுக்கு இருந்தது. உங்கள் வீட்டில் சும்மா கிடக்கிற தையல் மெஷினை, கற்றுவிட்டுக் கைவிட்ட தொழிலை, காலையில் வீணாகப் போகிற இரண்டு மணி நேரத்தை எண்ணிப் பாருங்கள். தேவன் கேட்கிற கேள்விக்கு அதுதான் உங்கள் பதிலாக இருக்கலாம்.

நான்காவது, அயலகத்தாரின் பாத்திரங்கள். எலிசா அவளைப் பணம் கேட்டு அனுப்பவில்லை. வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொன்னார், அதுவும் நிறைய வாங்கச் சொன்னார். கொடுத்தவர்களுக்கு அவை எதற்கென்றே தெரிந்திருக்காது. ஆனாலும் கொடுத்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் அசனப் பண்டிகை வந்தால் ஒருவர் வீட்டு அண்டா, இன்னொருவர் வீட்டு வாளி, வேறொருவர் வீட்டு அகப்பை என்று எல்லாம் ஒரே பந்தலுக்கு வந்து சேரும். யாருடையது எது என்று பாராமல் ஊரே சாப்பிட்டு எழும். சபை என்பது அப்படி இருக்கவேண்டும். கடனில் இருக்கிற சகோதரனுக்கு எல்லாராலும் பணம் கொடுக்க முடியாது. பாத்திரம் கொடுக்க முடியும். அவனோடு பேங்குக்குப் போய் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். ஒரு வேலை காலியாக இருந்தால் அவனுக்குச் சொல்லுங்கள். கடன்கொடுத்தவரிடம் தவணை கேட்கப் போகும்போது துணைக்கு நில்லுங்கள். கேள்விப்பட்டதை வெளியே பேசாமல் இருப்பதுகூட ஒரு பாத்திரம்தான்.

பாத்திரங்கள் வந்து சேர்ந்த பிறகு கதவு பூட்டப்பட்டது. உள்ளே தாயும் இரண்டு பிள்ளைகளும் மட்டும். எலிசாகூட அங்கே இல்லை. அடிமைகளாகப் போகவேண்டியிருந்த அதே பிள்ளைகள் பாத்திரங்களை எடுத்துக் கொடுக்கிறார்கள், தாய் வார்க்கிறாள். வேறே பாத்திரம் இல்லை என்று மகன் சொல்லும்வரைக்கும் எண்ணெய் நிற்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அன்று நடந்ததை வேறு எந்தப் பிரசங்கி கற்றுக்கொடுத்திருக்க முடியும்? பெற்றோரே, வீட்டின் நெருக்கத்தை வயதுக்கு ஏற்றபடி பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். குடும்ப ஜெபத்தில் அவர்களும் அதற்காகக் கேட்கட்டும். பதில் வரும்போது அது அவர்களுடைய சாட்சியாகவும் இருக்கும்.

இப்போது ஏழாம் வசனத்துக்கு வருகிறோம். வீடு நிறைய எண்ணெய். அதை என்ன செய்வது என்று அவள் தானாகத் தீர்மானிக்காமல் தேவனுடைய மனுஷனிடத்தில் திரும்பிப் போகிறாள். அவர் தனக்கென்று ஒரு பாத்திரம்கூடக் கேட்கவில்லை. முதலாவது விற்கச் சொன்னார். அடுத்து கடனை அடைக்கச் சொன்னார். மீதியைக் கொண்டு அவளையும் பிள்ளைகளையும் ஜீவனம்பண்ணச் சொன்னார். கடன்கொடுத்தவன் இரக்கமில்லாதவன்தான். அவனைக் கர்த்தர் அடித்துப்போட்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல், அவனுக்குச் சேரவேண்டியதைச் சேர்க்க வழி உண்டாக்கினார்.

இதே எலிசாவின் நாட்களில் இன்னொரு சம்பவம். தீர்க்கதரிசிகளின் கூட்டத்தார் யோர்தான் கரையில் மரம் வெட்டும்போது ஒருவனுடைய கோடரி தண்ணீரில் விழுந்துவிட்டது. அது இரவல் வாங்கியது என்று அவன் அலறினான். அந்த இரவல் இரும்பை மிதக்கப்பண்ணினார் கர்த்தர். பிறனுடைய பொருள் பிறனிடத்தில் திரும்பிச் சேரவேண்டும் என்பதில் நம் தேவன் எவ்வளவு அக்கறையுள்ளவர் பாருங்கள். கடன் வாங்கித் திருப்பிச் செலுத்தாதவனைத் துன்மார்க்கன் என்கிறது 37-ஆம் சங்கீதம். அன்பைத் தவிர வேறொன்றிலும் ஒருவனுக்கும் கடன்படக்கூடாது என்று பவுல் ரோமருக்கு எழுதுகிறார். சகேயு மனந்திரும்பினதற்கு அடையாளமாக, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பேன் என்றான். அவனுடைய சாட்சி பணப்பையிலிருந்து தொடங்கியது.

கடன் வாங்கினவர்களுக்குச் சொன்னதுபோல, வேலை வாங்குகிறவர்களுக்கும் கடன் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. வேலை வாங்கிவிட்டுக் கூலியை நிறுத்திவைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும் என்று யாக்கோபு எச்சரிக்கிறார். வீட்டு வேலை செய்கிற அக்காவுக்குச் சம்பள பாக்கி வைத்துவிட்டுக் காணிக்கைப் பையில் போடாதிருங்கள். அவசரத்துக்குக் கைமாற்றாக வாங்கிய ஏழையிடம் மீட்டர் வட்டி வாங்குகிற கை, இராப்போஜனப் பாத்திரத்தைப் பிடிக்கும்போது நடுங்கவேண்டும்.

பிரியமானவர்களே, இந்த வாரம் செய்யவேண்டியதைச் சொல்லுகிறேன். கணவனும் மனைவியும் உட்கார்ந்து எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள். அதன்மேல் கைவைத்து ஜெபியுங்கள். எது முதலில், மாதம் எவ்வளவு என்று குறியுங்கள். தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால், கடன்கொடுத்தவர்கள் தேடிவருமுன் நீங்களே போய்ச் சொல்லுங்கள். ஊர் மெச்சவேண்டும் என்பதற்காக விருந்துக்கும் புதுத்துணிக்கும் கடன் வாங்குவதை நிறுத்துங்கள். திருப்பிக் கொடுக்க மறந்த புத்தகம், பாத்திரம், ஏணி எதுவானாலும் இந்த வாரமே உரியவர் வீட்டில் சேர்த்துவிடுங்கள்.

இதையெல்லாம் பயத்தினால் செய்யவேண்டாம். நம்மால் அடைக்கவே முடியாத கடன் ஒன்று இருந்தது. நமக்கு விரோதமாக இருந்த கையெழுத்தைக் கிறிஸ்து சிலுவையில் ஆணியடித்துக் குலைத்துப்போட்டார் என்று கொலோசெயர் நிருபம் சொல்லுகிறது. பதினாயிரம் தாலந்து மன்னிக்கப்பட்டவன் நூறு வெள்ளிக்காசுக்காக உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடித்ததை நம் ஆண்டவர் உவமையாகச் சொன்னார். பெரிய கடன் தீர்ந்தவர்கள் நாம். ஆகவே சின்னக் கடன்களை நேர்மையாக அடைப்போம்; நமக்குக் கடன்பட்டவர்களை இரக்கத்தோடு நடத்துவோம்.

ஜெபிப்போம். பரம பிதாவே, எங்கள் வீட்டு வரவையும் செலவையும் அறிந்திருக்கிறவரே, மறைத்து வைத்ததை உமக்கு முன்பாகக் கொண்டுவருகிறோம். கடன் சுமையோடு வந்திருக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் வழியைத் திறந்தருளும். உழைக்கப் பெலனும், கேட்கத் தாழ்மையும், கொடுக்க மனமும் தாரும். எங்கள் சபை அயலாருக்குப் பாத்திரம் கொடுக்கிற சபையாக இருக்கட்டும். மீதியானதைக் கொண்டு எங்கள் பிள்ளைகள் பிழைத்திருந்து உம்மைச் சேவிக்கட்டும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.