சாட்சியும் கமராவும்

நாட்டுப்புறத் தேவாலயமொன்றிலே, உறவினரும் அயலவருமாக நாற்பது ஐம்பது பேர் மட்டும் கூடியிருக்க நடைபெறும் திருமணத்தில், படம்பிடிப்பவர் எங்கே நிற்றல் வேண்டும்? முதற்பார்வையில் இது இடவசதி பற்றிய வினாவாகவே தோன்றும். பெருநகரத்துப் பேராலயத்தில் அவர் தூணொன்றின் பின் மறைந்துவிடலாம். சிறு கோயிலிலோ அவரது காலடியோசையும் செபத்தோடு சேர்ந்தே கேட்கும். அவரை மறைக்க அங்கு இடமில்லை. ஆகவே அவர் அங்கு யாராக நிற்கிறார் என்ற கேள்வியையும் மறைக்க இயலாது.

மேலைக் கத்தோலிக்க மரபின்படி திருமணத்தை நிறைவேற்றுபவர் குருவானவர் அல்லர். மணமக்களே ஒருவருக்கொருவர் வழங்கும் சம்மதத்தால் அதனை நிறைவேற்றுகின்றனர். இரகசியத் திருமணங்களால் விளைந்த கேடுகளைத் தடுக்கும் நோக்குடன், 1563ஆம் ஆண்டில் திரெந்துப் பொதுச்சங்கம் குருவானவரின் முன்னிலையையும் இரண்டு அல்லது மூன்று சாட்சிகளையும் இன்றியமையாதனவாக்கியது. சாட்சி என்பவர் சொல்லைக் கேட்டவர். பின்னொருநாள் வினவப்படின் விடைகூறக் கடமைப்பட்டவர். படம்பிடிப்பவர் சாட்சிகளைக் காட்டிலும் அண்மையில் நிற்கிறார். ஆயினும் நிழற்படம் சம்மதம் கூறும் வாயைக் காட்டுமேயன்றிக் கூறப்பட்ட சொல்லைக் காட்டமாட்டாது. அதனாற்போலும் அவர் சொல்லை விடுத்து மோதிரத்தை நாடுகிறார். “இன்னொருமுறை அணியுங்கள்” என்று அவர் பணிக்க, மணமகன் மோதிரத்தைக் கழற்றி மீண்டும் அணிவிக்கும் காட்சி இன்று அரிதன்று. முதன்முறை நிகழ்ந்தது திருமணம். இரண்டாம்முறை நிகழ்ந்தது நடிப்பு. அல்பத்தில் இடம்பெறுவது இரண்டாவதே.

படம் திருமணத்துக்கு அடங்கி நின்ற வழக்கமும் உண்டு. சமூகவியலாளர் பியர் பூர்தியு, தாம் பிறந்த தென்மேற்குப் பிரான்சின் பெயார்ன் பிரதேசத்து விவசாயிகள் புகைப்படத்தை எவ்வாறு கருதினர் என்பதை மறி-கிளேர் பூர்தியுவுடன் இணைந்து ஆராய்ந்தார். அவ்வாய்வு 1965இல் வெளிவந்தது. தாமே கமரா வைத்துப் படமெடுப்பதை நகரத்தாரின் ஆடம்பரமாக எண்ணிய அம்மக்கள், திருமணக் குழுப்படத்தை மட்டும் தவறவிடவில்லை. விருந்தினர் அதனை விலைகொடுத்து வாங்குதல், அழைத்தவருக்குச் செய்யும் மரியாதையாகக் கொள்ளப்பட்டது. படத்தில் எல்லோரும் நேர்முகமாக நிமிர்ந்து நிற்பர். இதனைப் பட்டிக்காட்டு விறைப்பு என நகைத்தல் எளிது. பூர்தியு இதனை மானத்தோடு தொடர்புபடுத்தினார். பிறர் பார்வைக்கு முன் தன்னை ஒழுங்குசெய்து நிற்பவன், பார்ப்பவரையும் மதிக்கிறான். தன்னையும் மதிக்குமாறு வேண்டுகிறான்.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது வலிமையற்றதுமன்று. வரிசையாக நின்ற படம் எதையும் வெளிவிடாது. விருப்பமின்றி மணமுடிக்கப்பட்ட பெண்ணும் அதில் ஏனையோரைப் போலவே நிற்பாள். அவள் அறியாத கணத்தில் எடுக்கப்பட்ட ஒரு படமே அவளது துயரைச் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் அப்படம் யாருடைய கைக்குச் செல்கிறது? அவளை அந்நிலையில் நிறுத்தியவர்களின் வீட்டு அல்பத்துக்கே. அங்கு அவள் கண்ணீர், தாய்வீட்டைப் பிரியும் நாணம் என்று பெயர்பெறும். அவளுக்கு எவ்வுதவியும் செய்யாத உண்மையொன்று அவளைக் கேளாமலே எடுக்கப்பட்டுவிட்டது. சம்மதத்தின்மேல் எழும் ஒரு சடங்கிலே சம்மதமின்றி எடுப்பதொன்று நிகழ்வது உறுத்தவே செய்கிறது.

குழுப்படத்தின் பெறுமதியை ஈழத்துத் தமிழ்க் குடும்பங்கள் வேறொரு வழியாலும் அறிந்துள்ளன. 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, கையிலெடுத்தவற்றுள் அல்பம் இருந்த வீடுகளும் உண்டு. இல்லாத வீடுகள் அதிகம். எஞ்சிய படமொன்று கோயில் வாசலில் எடுத்த திருமணப் படமாயிருப்பின், வீட்டார் மணமக்களை நெடுநேரம் பார்ப்பதில்லை. விரல் பின்வரிசைக்குச் செல்கிறது. இவர் பெரியப்பா, இவர் மேளக்காரர் வீட்டுக்கு அடுத்த வீட்டு அக்கா, அந்தக் கரையில் நிற்பவர் யார்? அப்பெயரைச் சொல்லக்கூடியவர் ஒருவரே இருப்பார். அவரும் கனடாவில் இருப்பார்.